முடிவு தெரிந்த படத்துக்கு ரெண்டு டிக்கெட்

இந்தக் கதையில் ரெண்டு பேர். ரெண்டு பேரும் சென்னையில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, பி.காம். இரண்டாம் வருடம். வசதிக்காக ஒருத்தியைப் 'படித்தவள்' என்றும் இன்னொருத்தியைப் 'படிக்காதவள்' என்றும் வைத்துக்கொள்ளலாம். (மார்க் ஷீட்டைப் பார்த்தால் பெயரை மாற்றி வைக்க வேண்டியிருக்கும். அது வேறு விஷயம்!)

படித்தவள், டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகத்தையும் ப்ளஸ் டூ லீவில் படித்து முடித்தவள். கதையோடு நிற்காமல் மூன்றாம் பாகத்தின் கடைசியில் இருக்கும் பின்னிணைப்பையும் விடாமல் படித்தவள். யாராவது தெரியாமல் "அது என்ன கதை?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைய லஞ்ச் பிரேக் காலி.

படிக்காதவள் அதில் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்களையும் டிவியில் துண்டு துண்டாகப் பார்த்ததோடு சரி. அவளுடைய உலகம் அனிமே. நருட்டோவில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டவள். ஜப்பானிய டைரக்டர்களின் பெயர்களை, மற்றவர்கள் கிரிக்கெட் டீம் சொல்வதுபோலச் சொல்வாள்.

இந்த ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு படம் வருவது சுலபமில்லை. 2024 டிசம்பரில் வந்தது.

படத்தின் பெயர் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: தி வார் ஆஃப் த ரோஹிரிம்'. டோல்கீனின் உலகம், ஆனால் அனிமே. டைரக்டர் கென்ஜி கமியாமா. "கோஸ்ட் இன் த ஷெல் சீரியல் எடுத்தவர்டி! 'மோரிபிட்டோ' எடுத்தவர்!" என்று படிக்காதவள் குதித்தாள். "ஹெல்ம் ஹாமர்ஹாண்ட் கதைடி!" என்று படித்தவள் குதித்தாள். ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் புரியவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலைக் காட்சிக்கு ரெண்டு டிக்கெட் போட்டார்கள்.

காலைக் காட்சி என்பது விருப்பம் அல்ல. ஊர் முழுக்க புஷ்பா 2 ஓடிக்கொண்டிருந்த நேரம். அந்த மாலில் இருந்த அத்தனை திரைகளிலும் இந்தப் படத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு காட்சிதான். உள்ளே போய் எண்ணிப் பார்த்தால் 17 பேர். ஏசி மட்டும் ஹவுஸ்ஃபுல் கூட்டத்துக்கு வைத்தது போல உறைய வைத்தது. (பனியில் நடக்கிற கதை என்பதால் பொருத்தமாகத்தான் இருந்தது.)

விளம்பரம் ஓடும்போதே படிக்காதவள் கேட்டாள்.

"இது முன்கதைதானே? யார் சாவாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"அப்புறம் எதுக்குடி வந்தே?"

நியாயமான கேள்வி.

முன்கதைப் படங்களில் இருக்கிற சிக்கலே இதுதான். முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அதே மாதம் 'முஃபாசா: த லயன் கிங்' வந்தது. முஃபாசா கடைசியில் ராஜா ஆகும் என்பது 1994-ல் முதல் படம் பார்த்த குழந்தைக்கே தெரியும். 2021-ல் ஜப்பானில் வந்த 'ஜுஜுட்சு கைசென் 0' இன்னும் வேடிக்கை. சீரியலுக்குப் பிறகு வந்த முன்கதைப் படம் அது. ஆனால் அதன் மூலக் கதை 2017-லேயே காமிக்ஸாக வந்துவிட்டது. அதற்கு அடுத்த வருடம்தான் மெயின் கதையே ஆரம்பித்தது. இதைச் சொன்னது படிக்காதவள். "அது முன்கதையே இல்லை, முதல் கதை" என்பது அவள் வாதம்.

முடிவு தெரிந்த பிறகு பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தின் முதல் பாடமே 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்'. கடைக்காரர் ஒழுங்காகக் கணக்கு எழுதியிருக்க மாட்டார். ஆரம்ப இருப்பு இருக்கும், இறுதி இருப்பு இருக்கும், நடுவில் பாதியைக் காணோம். இருப்பதை வைத்து, விடுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்கதையும் அதே வேலைதான். இறுதி இருப்பு எல்லோருக்கும் தெரியும். விடுபட்டது என்ன என்பதுதான் கேள்வி.

இந்தப் படத்தில் விடுபட்டது ஒரு பெண்ணின் பெயர்.

'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்' வெளிவந்தது 1955-ல். அதன் பின்னிணைப்பில், ரோஹன் நாட்டு ராஜாக்களின் சரித்திரத்தில், ஒன்பதாவது ராஜா ஹெல்மின் கதை வருகிறது. அதிகம் போனால் ரெண்டு மூன்று பக்கம். ஃப்ரெகா என்று ஒரு பெரிய நிலப்பிரபு. டன்லெண்டு ரத்தம் கலந்தவன் என்று ஊரில் பேச்சு. மூன்றாம் யுகம் 2754-ல் அவன் ராஜசபைக்கு ஆள் படையோடு வந்து, "என் மகன் வுல்ஃபுக்கு உன் மகளைக் கொடு" என்று ஹெல்மிடம் கேட்கிறான். வார்த்தை முற்றுகிறது. சபை முடிந்ததும் ஹெல்ம் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு குத்து விடுகிறார். ஃப்ரெகா விழுந்து சாகிறான். 'ஹாமர்ஹாண்ட்', அதாவது சுத்தியல் கை என்கிற பட்டம் அந்த மாதிரிக் கைக்கு வந்ததுதான். நான்கு வருடம் கழித்து வுல்ஃப் படையோடு திரும்பி வந்து தலைநகரைப் பிடிக்கிறான். ஹெல்ம் மலைக்கோட்டைக்குள் அடைபடுகிறார். அந்த வருடம் பார்த்து வந்த குளிர்காலத்தில், ஏறத்தாழ ஐந்து மாதம் ரோஹன் பனிக்கு அடியில் கிடக்கிறது. ஹெல்மின் ரெண்டு மகன்களும் சாகிறார்கள். ஹெல்மும் சாகிறார். ஒரு நாள் காலையில் பார்த்தால், முழங்கால் மடங்காமல், நின்ற நிலையிலேயே உறைந்து போயிருக்கிறார்.

இவ்வளவும் அந்த ரெண்டு மூன்று பக்கத்தில் இருக்கிறது. மகன்கள் பெயர் ஹாலத், ஹாமா. தங்கை பெயர் ஹில்ட். தங்கை மகன் பெயர் ஃப்ரியாலாஃப். அதே சரித்திரத்தில், முதல் ராஜாவின் குதிரைக்குக்கூடப் பெயர் உண்டு: ஃபெலரோஃப்.

மகளுக்கு மட்டும் பெயர் இல்லை. சண்டை ஆரம்பித்ததே அவளைப் பெண் கேட்டதால்தான். ஆனால் அவள் என்ன நினைத்தாள், கடைசியில் என்ன ஆனாள், ஒரு வரி கிடையாது.

படம் எடுத்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஓட்டையைத்தான். அவளுக்கு 'ஹெரா' என்று பெயர் வைத்து, அவளையே கதாநாயகி ஆக்கிவிட்டார்கள். ஜாக்சன் படங்களுக்கு வெகுகாலம் முந்தைய கதை. சொல்லும் குரல் எயோவினுடையது. அந்தப் படங்களில் எயோவினாக நடித்த அதே மிராண்டா ஓட்டோதான் இதிலும் பேசியிருக்கிறார். பழைய பாட்டுகளில் இவளைத் தேட வேண்டாம், அங்கே இவள் இல்லை என்கிற பொருளில் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது அந்தக் குரல். ஹெல்முக்குக் குரல் பிரையன் காக்ஸ். அந்தக் குரல் தியேட்டரின் தரையில் நடந்து வந்தது.

படம் குறையே இல்லாத படம் அல்ல. முதலில் நடிகர்களை நடிக்க வைத்து, அந்த அசைவுகளைக் கணினியில் பிடித்து, அதை ஆதாரமாக வைத்துக் கையால் வரைந்திருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாகக் குதிரை ஓடுகிற கதை. குதிரை வரைவது அனிமேஷன்காரர்களுக்கே தலைவலி. சில இடங்களில் மனிதர்கள் மிதப்பதுபோல நடக்கிறார்கள். படிக்காதவளுக்கு இது முதல் காட்சியிலேயே உறுத்திவிட்டது. "வாய் இங்கிலீஷ்ல அசையுது. அனிமே மாதிரியே இல்லை" என்று வேறு புகார்.

படித்தவளின் புகார் வேறு. தேவையில்லாமல் பழைய படங்களை ஞாபகப்படுத்துகிறார்கள் என்றாள். மோதிரம் பொறுக்கும் ரெண்டு ஓர்க்குகள், குளத்தில் இருந்து கை நீட்டும் பூதம், சாருமான். ஆனால் சாருமான் பேசியபோது அவள் வாயை மூடிக்கொண்டாள். கிறிஸ்டோபர் லீ 2015-லேயே இறந்துவிட்டார். பழைய ஒலிப்பதிவில் இருந்த அவர் குரலையே எடுத்துப் போட்டிருந்தார்கள். 17 பேர் இருந்த தியேட்டரில் யாரோ ஒருவர் மட்டும் கை தட்டினார்.

பெண் கேட்கும் காட்சி சீக்கிரமே வந்துவிட்டது. பெரிய மண்டபம். பேரம் ராஜாவுக்கும் ஃப்ரெகாவுக்கும் நடுவில். பேச்சு நிலத்தைப் பற்றி, சிம்மாசனத்தைப் பற்றி, ரத்தத்தைப் பற்றி. ஹெராவும் வுல்ஃபும் சின்ன வயதில் ஒன்றாக விளையாடியவர்கள். இருந்தாலும் ஹெராவுக்கு அவன் மட்டுமல்ல, யாருமே வேண்டாம். குதிரை ஏறிக் கண்காணாத இடத்துக்குப் போவதுதான் அவள் ஆசை.

அதுவரை "இவன் யாரு, அவன் யாரு" என்று காதைக் கடித்துக்கொண்டிருந்த படிக்காதவள் அந்த இடத்தில் அமைதியாகிவிட்டாள். குத்து விழுந்தபோது படித்தவள் "பாத்தியா! பாத்தியா!" என்று தொடையில் தட்டினாள். பதில் இல்லை.

இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போனார்கள். டிக்கெட்டைவிட விலை அதிகம். இருவரும் விலைப் பலகையைப் படித்துவிட்டு, பையில் இருந்த முறுக்கை மறைத்துத் தின்றுகொண்டு திரும்பி வந்தார்கள்.

"நல்லா இருக்கா?"

"ம்."

"பிடிக்கலைன்னா சொல்லு."

"பிடிச்சிருக்குடி. விடு."

இரண்டாம் பாதி முழுக்கப் பனி. ஹெல்ம் ராத்திரியில் வெள்ளை உடை போட்டு வெளியே போய், வெறும் கையால் எதிரிகளைக் கொல்கிறார். சின்ன மகன் ஹாமாவை, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டைக்கு வெளியே கொல்கிறார்கள். ஹெல்ம் கடைசியில் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்று சண்டை போட்டு அப்படியே உறைந்து போகிறார். புத்தகத்தில் இருப்பதுபோல, நின்றபடியே.

இதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் படித்தவள் வந்தாள். தெரிந்தும் அழுதாள்.

கடைசிச் சண்டையில் ஹெரா கல்யாண உடையைப் போட்டுக்கொண்டு வுல்ஃபின் முன்னால் தனியாக வந்து நிற்கிறாள். எந்தக் கல்யாணத்துக்காக இவ்வளவும் ஆரம்பித்ததோ, அதே கல்யாண உடை. அவனைக் கொல்வதும் அவள்தான். புத்தகத்தில் வுல்ஃபைக் கொல்வது ஃப்ரியாலாஃப். ஒருவன் கணக்கில் இருந்த பதிவை எடுத்து இன்னொருத்தி கணக்கில் எழுதிவிட்டார்கள்! சிம்மாசனம் மட்டும் புத்தகப்படி ஃப்ரியாலாஃபுக்கே போகிறது. பத்தாவது ராஜா அவன்தான் என்பது முன்பே எழுதி முடித்த இறுதி இருப்பு, அதில் கை வைக்க முடியாது. ஹெரா குதிரை ஏறிப் போய்விடுகிறாள்.

வெளியே வந்தால் மழை தூறிக்கொண்டிருந்தது. மாலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒதுங்கினார்கள். படித்தவள் நிறுத்தாமல் பேசினாள். ஏதோ உரிமை கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான் இந்தப் படத்தை அவசரமாக எடுத்தார்கள் என்று செய்தி வந்தது, ஆனாலும் எவ்வளவு நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் பார், இத்தனை பேர் படித்த புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை என்பதே எத்தனை பேருக்கு உறைத்திருக்கும்...

"உனக்கு உறைச்சுதா?" என்று கேட்டாள் படிக்காதவள்.

படித்தவள் டீயைக் கீழே வைத்தாள். உண்மையைச் சொன்னால், உறைக்கவில்லை. பின்னிணைப்பை ரெண்டு தடவை படித்தவள். குதிரையின் பெயர் ஞாபகம் இருந்தது. படம் வரப்போகிறது என்று செய்தி வந்த பிறகுதான் புத்தகத்தை எடுத்துத் தேடி, "அட, ஆமாம், பேரே இல்லை" என்று பார்த்தாள்.

"இல்லை" என்றாள்.

"நாளைக்கு என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க."

மழை சத்தத்தில் முதலில் சரியாகக் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாள். மாப்பிள்ளை அப்பாவின் நண்பருடைய மகன். நல்ல குடும்பம், நல்ல வேலை. கல்யாணம் உடனே இல்லை, டிகிரி முடித்த பிறகுதான். ரெண்டு அப்பாக்களும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசியது. பாயசம் வருவதற்குள் பாதி முடிவாகிவிட்டது. மூன்று வாரம் ஆகிறது.

"மூணு வாரமா ஏண்டி சொல்லலை?"

"நீ கேட்கலையே. நீ ஹெல்ம் கதை சொல்லிக்கிட்டு இருந்தே."

படித்தவளுக்கு அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாதவர்கள் செய்வதை அவளும் செய்தாள். ஆவேசமாக அறிவுரை சொன்னாள். முடியாது என்று சொல்லிவிடு. இப்பத்தானே பார்த்தோம், ஹெரா எப்படி நின்றாள்...

படிக்காதவள் சிரித்தாள்.

"நல்லா யோசிச்சுப் பாரு. அவளோட ரெண்டு அண்ணனும் செத்தாங்க. அப்பா செத்தாரு. பாதி ஊரு செத்துது. அப்புறம்தான் அவ இஷ்டத்துக்குக் குதிரை ஏற முடிஞ்சுது. எனக்கு எங்க அப்பா வேணும்டி. சாயங்காலம் மழையில நனைஞ்சா திட்டறதுக்கு அவர் வேணும்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பிறகு படிக்காதவளே சொன்னாள். மாப்பிள்ளை நல்லவனா கெட்டவனா என்பது இல்லை பிரச்சினை. அவனைப் பிடிக்கக்கூடச் செய்யலாம். எம்.காம். படிக்க வேண்டும் என்று தனக்கு இருக்கிற ஆசை அந்தப் பந்தியில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயலவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"ஹெல்மும் கெட்டவர் இல்லை" என்றாள் படித்தவள்.

"அதான் சொல்றேன். பொண்ணு மேல அவ்வளவு பாசம். வாசல்ல நின்னு செத்தே போறாரு. ஆனா அவளை உட்கார வச்சு ஒரு வார்த்தை கேட்கறது அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு பாரு!"

புத்தகமே படிக்காதவள் சொன்னது இது. படித்தவள் ரெண்டு தடவை படித்தும் ஹெல்மை இப்படி யோசித்ததில்லை. அவளுக்கு ஹெல்ம் என்றால் முஷ்டி, கொம்பு ஊதும் சத்தம், 2002-ல் வந்த 'தி டூ டவர்ஸ்' படத்தில் வரும் கோட்டை. ஓர் அப்பா என்று ஞாபகம் வந்ததே இல்லை.

பஸ் வந்தது. ரெண்டு பேருக்கும் வேறு வேறு பஸ். ஏறும்போது படித்தவள் ஒன்று மட்டும் சொன்னாள்: "நாளைக்கு என்ன ஆனாலும் ராத்திரி மெசேஜ் பண்ணு. நான் எந்தக் கதையும் சொல்ல மாட்டேன். கேட்கறேன்."

படத்தின் இறுதிக் கணக்கு நன்றாக இல்லை. சுமார் 3 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் சுமார் 2 கோடி டாலர். தியேட்டர்காரர்களின் பங்கு போக, தயாரிப்பாளர் கைக்கு வந்தது அதிலும் பாதி அளவுதான் இருக்கும். எந்த ஆசிரியரிடம் காட்டினாலும் நஷ்டம் என்றுதான் எழுதுவார். அந்த மாலில் அடுத்த வாரம் இருந்த ஒரு காட்சியும் போய்விட்டது. ஆனால் லாப நட்டக் கணக்கில் ஏறாத இனங்களும் உண்டு என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்களே. பணத்தில் அளக்க முடியாததைப் பதிவேட்டில் எழுத முடியாது. எழுத முடியாததால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் வந்தது. முழுசாக இது:

"வந்தாங்க. கேசரி நல்லா இருந்துச்சாம். அவங்க போனப்புறம் அப்பாகிட்ட சொன்னேன், எம்.காம். முடிக்கணும், அதுக்கு முன்னாடி எதுவும் பேச வேண்டாம்னு. அப்பா யாரையும் குத்தலை. ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம் ஏம்மா இதை முன்னாடியே சொல்லலைன்னு கேட்டாரு. நீங்க கேட்கலையேப்பான்னு சொன்னேன். யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. அம்மா இன்னும் பேசலை."

படித்தவள் உடனே பதில் அடிக்க ஆரம்பித்தாள். நீளமாக, ரெண்டு உதாரணத்தோடு. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு வரி மட்டும் அனுப்பினாள்:

"உனக்கு எப்படி இருக்கு?"